‘வளர்’ என்னும் வினை: இதழ்த் தமிழில் அதன் ஆட்சி

“உழவர் கேழ்வரகு வளர்க்கின்றனர்” என்னும் தொடரில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. எழுவாய் உண்டு, செயப்படுபொருள் உண்டு, வினை பிறவினை வடிவில் முறையாக நிற்கிறது. ஆயினும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட உழவர் எவரும் இவ்வாறு கூறார். கேழ்வரகை விதைப்பர், போடுவர், பயிரிடுவர், விளைவிப்பர், வளர்ப்பதில்லை. அண்மைக் காலத்தில் செய்தி மொழிபெயர்ப்புகளிலும் கணிப்பொறி வழி மொழிபெயர்ப்புகளிலும் இத்தகைய தொடர்கள் மிகுந்து வருகின்றன. சிறு பிழை எனக் கடந்து செல்லலாம். ஆனால் இச்சிறு பிழையைப் பின்தொடர்ந்து சென்றால், ‘வளர்’ என்னும் எளிய வினை நூறாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் இதழ்களில் எவ்வாறு ஆளப்பட்டது, அவ்வாட்சியில் எதைப் பெற்றது, எதை இழந்தது என்னும் வினாவுக்கு வந்து சேர்கிறோம். அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கு மேற்கோள் குறிக்குள் வரும் தொடர்கள் வழக்கைக் காட்டுதற்பொருட்டு அமைத்துக்கொண்ட மாதிரிகளே. குறிப்பிட்ட ஓர் இதழிலிருந்து எடுக்கப்பெற்றவை அல்ல.

ஆய்வுக்கு வாய்ப்பான இடமாக ஓர் எல்லைச் சிற்றூரைக் கருதிக்கொள்ளலாம். ஹனூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் அமைந்தது கௌதள்ளி. கொள்ளேகால் வட்டத்தின் பகுதியாக இருந்த இவ்வூர், 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்து, பின்னர்ப் புதிய சாமராசநகர் மாவட்டத்துக்குச் சென்றது. எல்லைக்கோடு இடம்பெயர்ந்தாலும் இவ்வட்டாரத்தில் தமிழும் கன்னடமும் அருகருகே வழங்குவது நின்றுவிடவில்லை. ‘வளர்’ என்பதற்கு நேராகக் கன்னடத்தில் பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுவது ‘பெளெ’ என்னும் வினை. “மர பெளெயுத்ததெ” எனின் மரம் வளர்கிறது என்பது பொருள். “ரைதரு ராகி பெளெயுத்தாரெ” எனின் உழவர் ராகி விளைவிக்கின்றனர் என்பது பொருள். வடிவம் மாறாமலே ஒரே வினை தன்வினையாகவும் பிறவினையாகவும் நிற்கிறது. அவ்வினையே பெயராக நின்று விளைபயிரையும் குறிக்கிறது. குழந்தையையோ மரத்தையோ வளர்ப்பதாயின் ‘பெளெசு’ என்னும் பிறவினை வடிவம் வரும்; ஆடு மாடு, பட்டுப்புழு முதலியவற்றுக்குச் ‘சாகு’ என்னும் வேறொரு வினை உண்டு.

கன்னடப் ‘பெளெ’, தமிழ் ‘விளை’ என்பதன் இனமாகத் திராவிட வேர்ச்சொல் அகராதியில் காட்டப்பட்டுள்ளது. சொல்முதல் வகரம் கன்னடத்தில் பகரமாதல் நாமறிந்த ஒலிமாற்றமே. எனவே, ராகியைப் ‘பெளெ’கிற கன்னட உழவனும் கேழ்வரகை விளைவிக்கிற தமிழ் உழவனும் உண்மையில் ஒரே வேரைப் பற்றி நிற்கின்றனர். இருவரையும் பிரிப்பவர் ‘பெளெ’ என்றால் ‘வளர்’ என்று மனப்பாடம் செய்த மொழிபெயர்ப்பாளரே.

வளர்த்தலும் விளைவித்தலும்

‘வளர்’ என்பது வல்லின மிகுதியால் மட்டுமே தன்வினை பிறவினை வேறுபடும் வினை இணைகளுள் ஒன்று. வளர்கிறது, வளர்க்கிறது, வளர்ந்தது, வளர்த்தது, வளரும், வளர்க்கும். கு. பரமசிவம் 1979இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில், இத்தகைய இணைகளைச் செயப்படுபொருள் குன்றியவை, குன்றாதவை என்னும் பாகுபாட்டால் மட்டும் விளக்க இயலாதென்றும், வினையின் விளைவு எழுவாயிடத்தே நிற்கிறதா, அதற்கு அப்பால் செல்கிறதா என்பதே அடிப்படை என்றும் நிறுவினார். ‘வளர்’ இணைக்கு இவ்விளக்கம் சாலப் பொருந்துகிறது. வளர்வது தானே வளர்கிறது. வளர்ப்பவர் அவ்வளர்தலுக்குத் துணைநின்று பேணுகிறார்.

இனி, எவற்றை நாம் வளர்க்கிறோம் என்பதை நோக்குவோம். பிள்ளை, ஆடு, மாடு, நாய், கிளி, மீன், தேனீ, காளான், மரம், பூச்செடி, தாடி, முடி ஆகியன வளர்க்கப்படும். நெல், கேழ்வரகு, சோளம், கரும்பு ஆகியன வளர்க்கப்படுவதில்லை. தாவரம், விலங்கு என்னும் பிரிவு இதனை விளக்காது. மரமும் காளானும் வளர்க்கப்படுபவையே. எண்ணத்தக்கவை, எண்ணவியலாதவை என்னும் பிரிவும் முழுமையாக உதவாது. குளத்து மீனை எவரும் எண்ணுவதில்லை. ஒரே செடி இடத்துக்கேற்ப இருவேறு வினைகளை ஏற்பதையும் காணலாம். “முற்றத்தில் இரண்டு மஞ்சட் செடி வளர்த்தாள்” என்பது இயல்பு. “இரண்டு ஏக்கரில் மஞ்சள் வளர்த்தாள்” என்பது செவிக்கு இடறுகிறது. இரண்டு ஏக்கரெனின் மஞ்சள் போட்டாள், பயிரிட்டாள் என்பதே வழக்கு. கொங்கு வழக்கில் ‘வெள்ளாமை’ என்னும் சொல் இவ்விடத்தை நிரப்பும்.

வேறுபாடு செடியில் இல்லை. செய்வோனுக்கும் பொருளுக்கும் உள்ள உறவில் இருக்கிறது எனக் கருத இடமுண்டு. வளர்ப்பவன் ஊட்டுகிறான், நாள்தோறும் முகம் பார்க்கிறான். உழவனோ நிலத்தை ஆயத்தம் செய்து விதையை அதனிடம் ஒப்படைக்கிறான், விளைவது நிலத்தில். “இந்நிலம் நன்றாக விளையும்” என்று நிலத்தையே எழுவாயாக்கிப் பேசுகிறோம். கொள்ளேகால் பட்டுக்குப் பெயர்பெற்ற வட்டாரம், ஆகவே பொருத்தமான எடுத்துக்காட்டு ஒன்றை அங்கிருந்தே தரலாம்: “மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கின்றனர்.” இவ்வொரு தொடரில் இரு வினைகளும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. இடம் மாற்றினால் தொடர் சிதைகிறது. பட்டுப்புழுவைப் பயிரிட முடியாதென்பது எவர்க்கும் தெரியும். மல்பெரியை வளர்ப்பது அத்துணை வெளிப்படையான பிழையாகத் தோன்றாமையால்தான் அது செய்தித்தாளுக்குள் எளிதில் நுழைந்துவிடுகிறது.

ஆங்கிலத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அம்மொழியில் நெல்லையோ கோதுமையையோ செயப்படுபொருளாக்கி இவ்வினையை ஆளுதல் நெடுநாளைய வழக்கு. தொழிலையோ பொருளாதாரத்தையோ அவ்வாறு செயப்படுபொருளாக்கியபோதுதான் மொழித்தூய்மையாளர் முகஞ்சுளித்தனர். 1992ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தற் பரப்புரையில் பில் கிளிண்டன் பொருளாதாரத்தை ‘வளர்ப்பது’ பற்றிப் பேசியதையொட்டி அவ்வழக்கு பரவலாக விவாதிக்கப்பெற்றது. தமிழுக்கோ தொழிலை வளர்த்தல் பழகிய வழக்கு. கலையை வளர்த்தோம், தமிழை வளர்த்தோம், வணிகத்தை வளர்த்தோம், பகையையும் வளர்த்தோம். நெல்லை மட்டும் வளர்க்கவில்லை. ஆங்கிலச் செவிக்கு உறுத்துவது தமிழ்ச் செவிக்கு இயல்பு; ஆங்கிலச் செவிக்கு இயல்பானது தமிழ்ச் செவிக்கு உறுத்தல். இருமொழி அகராதியில் இவ்விரு வினைகளும் நேர்நேராக நிற்பதால் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

இதழ்களில்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ‘வளர்தல்’ என்பதற்குப் பெரிதாதல், மிகுதல் என்பவற்றோடு கண்டுயிலுதல் என்னும் பொருளையும் தருகிறது. தாலாட்டுகளில் வரும் ‘கண்வளர்’ இதுவே. இவ்வினிய பொருளுக்குச் செய்தித்தாளில் வேலை இல்லை. அங்கு முதலில் வேலை பெற்றவை வேறு பொருள்கள். பிறவினையாகிய ‘வளர்த்தல்’ நீட்டுதல் என்னும் பொருளில் பத்திரிகை உரைநடையில் நன்கு ஊன்றியிருந்தது. “இவ்விவாதத்தை மேலும் வளர்க்க விரும்பவில்லை” என்பது வாசகர் கடிதங்களுக்கு முற்றுப்புள்ளி வைக்கும் ஆசிரியர் குறிப்புகளில் பழகிய வாய்பாடு. “கதையை வளர்ப்பானேன்?” என்பதும் அவ்வினத்ததே. சண்டை வளர்ந்தது, வழக்கு வளர்ந்தது, வதந்தி வளர்ந்தது, வட்டி வளர்ந்தது என விரும்பத்தகாதனவும் இயல்பாக இவ்வினையை ஏற்றன. வளர்வதெல்லாம் நல்லது என்னும் கருத்து அன்று இவ்வினைக்குள் இல்லை. இது குறிக்கத்தக்கது.

பொதுநலம், நாட்டு நலம், தொழில், கல்வி ஆகியவற்றின் முன்னேற்றத்தைக் கூறுதற்கு 1882இல் தோன்றிய சுதேசமித்திரன் காலத்து உரைநடையில் விருத்தி, அபிவிருத்தி என்னும் வடசொற்களே பெருவழக்கு. கைத்தொழில் விருத்தி, தேசாபிவிருத்தி, பாஷாபிவிருத்தி போன்ற தொடர்கள் அக்கால எழுத்தில் தாராளமாக வந்தன. இவை பெயர்ச்சொற்களாதலின் வினையாக்கத் துணைவினை தேவைப்பட்டது: விருத்தியடைந்தது, விருத்தி செய்தார். இவ்வமைப்பு சற்றே கனமானதுதான். ஆனால் அடைதலா, செய்தலா என்பதை எழுதுவோன் தீர்மானித்தே ஆகவேண்டும். ‘தானே வந்தது’, ‘ஒருவர் செய்தது’ என்னும் வேறுபாட்டை மழுப்ப அத்தொடர் எளிதில் இடந்தரவில்லை.

1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சியும், அதன்பின் எழுந்த இயக்க இதழ்களும், நாளிதழ்களின் எளிமை நாட்டமும் இந்நிலையை மாற்றின. 1934இல் தினமணியும் 1942இல் தினத்தந்தியும் தோன்றின. வாசகர் பரப்பு விரியவிரிய, வடசொற் கூட்டுகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. தினமணியில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்த ஏ. என். சிவராமன் பொருளியற் செய்திகளை எளிய வாசகருக்கு விளக்கி எழுதியதை இங்கு நினைவுகூரலாம். அத்தகைய எழுத்துக்குக் கைக்கு எட்டும் சொற்கள் வேண்டியிருந்தன. தி. சு. அவிநாசிலிங்கம் 1946இல் தொடங்கிய அமைப்பு ‘தமிழ் வளர்ச்சிக் கழகம்’ எனப் பெயர் பெற்றது. ஓரிரு தலைமுறைக்கு முன்னராயின் அது பாஷாபிவிருத்திச் சங்கம் ஆகியிருக்கும். ஐந்தாண்டுத் திட்டங்களின் செய்திகள் 1951 முதல் நாள்தோறும் அச்சேறியபோது அபிவிருத்தியும் வளர்ச்சியும் சிலகாலம் ஒரே தாளில் உடனுறைந்தன. பின்னர் வளர்ச்சி வென்றது. வட்டார வளர்ச்சி அலுவலர், ஊரக வளர்ச்சித் துறை என ஆட்சித்தமிழ் அவ்வெற்றியை நிலைபெறச் செய்தது.

இம்மாற்றத்தைக் குறைகூறுவது நம் கருத்தன்று. ‘அபிவிருத்தி’ என்னும் சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறிய வாசகன் ‘வளர்ச்சி’யை உடனே புரிந்துகொண்டான். பிள்ளை வளர்வதையும் மரம் வளர்வதையும் கண்டவனுக்கு நாடு வளர்வதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வெளிமைக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது. அது இதுவரை போதிய அளவு கவனிக்கப்பெறவில்லை.

‘வளர்ச்சி’ என்பது தன்வினையாகிய ‘வளர்’ என்பதிலிருந்து பிறந்த தொழிற்பெயர். பிறவினையிலிருந்து பிறந்தது ‘வளர்ப்பு’. மாட்டு வளர்ப்பு, மீன் வளர்ப்பு, வளர்ப்புத் தாய், வளர்ப்பு மகள் என்று வளர்ப்பு தொழுவத்தோடும் வீட்டோடும் நின்றுவிட்டது. நாட்டுக்கும் மொழிக்கும் தொழிலுக்கும் வளர்ச்சி மட்டுமே உரியதாயிற்று. தமிழை வளர்ப்பதே நோக்கமாகக் கொண்ட கழகமும் ‘தமிழ் வளர்ப்புக் கழகம்’ எனப் பெயர் சூடவில்லை. அவ்வாறு சூடியிருந்தால் நகைப்புக்கு இடமாகியிருக்கும் என்பதே இச்சொற்களின் எல்லை எத்துணை உறுதியானது என்பதைக் காட்டும்.

வினை வடிவில் ஒரு ககரம் சுமந்திருந்த வேறுபாடு பெயர் வடிவில் மறைந்துவிட்டது. “தொழில் வளர்ந்தது”, “அரசு தொழிலை வளர்த்தது” என்னும் இரு செய்திகளும் “தொழில் வளர்ச்சி” என்னும் ஒரே தலைப்பில் அடங்கிவிடுகின்றன. தலைப்பு எழுதுவோர்க்கு இது மிகவும் வசதியானது, சொற்சிக்கனம் வேறு. ஆனால் வளர்த்தவர் யார், எவரது நிலத்தில், எவரது செலவில் என்னும் வினாக்களுக்கு அத்தலைப்பில் இடமே இல்லை. “வளர்ச்சிக்காக நிலம் எடுக்கப்படுகிறது” என்னும் வகைத் தொடரில் எடுப்பவர் செயப்பாட்டு வினையில் மறைகிறார். பயன்பெறுபவர் ‘வளர்ச்சி’யில் மறைகிறார். இருவரும் இல்லாத அத்தொடரில் நிலம் மட்டுமே பெயர் சொல்லத்தக்க பொருளாக எஞ்சுகிறது. இதனை எழுதிய செய்தியாளர் எதையும் மறைக்க எண்ணியிருக்கமாட்டார். வழக்கிலிருந்த சொல்லை எடுத்தாண்டார், அவ்வளவே. வழக்கே அவருக்காக மறைத்துக்கொடுத்தது.

ஆய்வுலகமும் இவ்வழக்குக்கு விலக்கன்று. ‘தோற்றமும் வளர்ச்சியும்’ என்று முடியும் ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழகங்களில் எத்தனை! தோன்றியதெல்லாம் வளர்ந்தே தீரும் என்பது அத்தலைப்புகளின் நம்பிக்கை. தோன்றித் தேய்ந்த இலக்கிய வகைக்கும் அத்தலைப்பே வைக்கப்படுகிறது.

ஒரு சொல்லுக்கு இரு பொருள்

வளர்ச்சியின் மற்றொரு சுமையை இலங்கைத் தமிழோடு ஒப்பிட்டால் தெளிவாகக் காணலாம். 1930இல் தோன்றிய வீரகேசரி, 1932இல் தோன்றிய தினகரன் ஆகியவற்றின் மரபில் வரும் இலங்கை இதழ்த் தமிழ் ‘அபிவிருத்தி’யைக் கைவிடவில்லை. அமைச்சுகளின் பெயர்களிலும், துரித மகாவலி அபிவிருத்தித் திட்டம் போன்ற பெருந்திட்டங்களின் பெயர்களிலும் அச்சொல் உறுதியாக நிற்கிறது. அதே வேளையில் பொருளாதாரத்தின் அளவு மிகுதலை அங்குள்ளோர் ‘வளர்ச்சி’ என்றே கூறுவர். ஆகவே அளவு மிகுதல் வளர்ச்சி; வாழ்நிலை மாற்றம் அபிவிருத்தி. இரு கருத்துகளுக்கு இரு சொற்கள். கன்னடத்திலும் இவ்வாறே: பெளவணிகெ ஒன்று, அபிவிருத்தி மற்றொன்று.

தமிழ்நாட்டு இதழ்த் தமிழிலோ வளர்ச்சி விகிதமும் வளர்ச்சியே, வளர்ச்சித் திட்டமும் வளர்ச்சியே. வளரும் நாடு, வளர்ந்த நாடு என்பனவும் அதுவே. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட அமைப்பு 1990 முதல் வெளியிட்டுவரும் மனித மேம்பாட்டு அறிக்கைகளின் மையக் கருத்தே இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதுதான். உற்பத்தி பெருகியும் மக்கள் வாழ்வு உயராத நாட்டைப் பற்றி எழுதும் மொழிபெயர்ப்பாளர், சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் “வளர்ச்சியில்லா வளர்ச்சி” என எழுத நேரிடும். இது புதிர்போல் தோன்றுகிறது. மூலத்தில் புதிர் ஏதுமில்லை. இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தே பலர் ‘மேம்பாடு’ என்னும் சொல்லை மேற்கொண்டனர். அது நல்ல சொல். மேம்படு, மேம்படுத்து என வினைவேறுபாடும் அதற்கு உண்டு. எனினும் அதுவும் பெயராகும்போது வளர்ச்சியைப்போலவே செய்தவரை மறைத்துவிடுகிறது. அன்றியும், ஒரே நாளிதழின் ஒரே பக்கத்தில் வளர்ச்சியும் மேம்பாடும் வேறுபாடின்றி மாறிமாறி வருமாயின் இரு சொற்கள் இருந்தும் பயனில்லை.

1991க்குப் பின்னர்ப் பொருளாதாரச் செய்திகள் முதற்பக்கத்துக்கு வந்தபோது ‘வளர்’ விழுக்காட்டோடு இணைந்தது. “உற்பத்தி 6 விழுக்காடு வளர்ந்தது” என்பது இன்று எவர் செவிக்கும் உறுத்துவதில்லை. முன்னரும் வட்டி வளர்ந்தது; கடன் வளர்ந்தது. ஆகவே அளவோடு வருதல் இவ்வினைக்கு முற்றிலும் புதியதன்று. புதியது வேறொன்று: குறைதலையும் வளர்ச்சியாகவே கூறுதல். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் முதல் மதிப்பீட்டின்படி 23.9 விழுக்காடு சுருங்கியது. அக்காலத்துச் செய்திகளில் ‘எதிர்மறை வளர்ச்சி’, ‘மைனஸ் வளர்ச்சி’ என்னும் ஆட்சிகள் பரவலாக வழங்கின. தேய்தல், சுருங்குதல், குன்றுதல், நலிதல், வீழ்தல் எனக் குறைவின் ஒவ்வொரு சாயலுக்கும் வினை வைத்திருக்கும் மொழி இது. பிறைக்கு வளர்தலும் தேய்தலும் வகுத்துத் தந்தவர்கள் தேய்பிறையை ‘எதிர்மறை வளர்பிறை’ என்று எழுதவில்லை.

‘வளர்ச்சி கண்டுள்ளது’ என்பதைப் பற்றியும் ஒரு சொல். இதனை ஆங்கில வழக்கின் நிழல் என்று தள்ளுவோர் உளர். வெற்றி கண்டான், பலன் கண்டான் என்னும் தொடர்கள் தமிழில் உள்ளமையால் முற்றிலும் தள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆயினும் வெற்றி காண்பவன் அதற்காகப் பாடுபட்டவன். விற்பனையும் பங்குச்சந்தையும் எதைக் காணும்? ‘வளர்ந்துள்ளது’ என்னும் ஒரு வினைமுற்று போதுமான இடத்தில் பெயரும் துணைவினையும் சேர்ந்து இடத்தை அடைப்பது இதழ்த் தமிழின் இன்றைய பழக்கமாகிவிட்டது. வடசொல்லைக் கைவிட்ட பின்னும், விருத்தியடைந்தது என்னும் அமைப்பைக் கைவிடாமல் வளர்ச்சியடைந்தது என்று தொடர்ந்தோம். அதன் மறுபாதியாகிய ‘செய்தார்’ மட்டும் வளர்ச்சியோடு சேரவில்லை. வளர்ச்சி அடையலாம், பெறலாம், காணலாம். “வளர்ச்சி செய்தார்” என்று எவரும் எழுதுவதில்லை. செய்தவரைச் சொல்லவேண்டின் வினைக்குத் திரும்பி ‘வளர்த்தார்’ என்றுதான் எழுதவேண்டும். மொழிபெயர்ப்பாளர்க்கு இதுவே பயனுள்ள சோதனை. மூலத்தில் செய்தவர் இருக்கிறாரா எனப் பார்த்து, இருப்பாராயின் பெயரைக் கலைத்து வினையாக்குவது. தொடர் சற்று நீளும், தலைப்பில் அடங்காது. உடற்செய்தியிலாவது அடங்கும்.

மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1990களில் தொகுத்த தரவகம் போன்றவற்றில் வளர்ச்சி என்னும் சொல் எத்துணை முறை வருகிறது என எண்ணுதல் எளிது. அவ்வெண் அதிகம் உணர்த்தாது. எந்தப் பெயர்கள் இவ்வினையின் எழுவாயாகின்றன, எவை செயப்படுபொருளாகின்றன, எவை இரண்டுக்கும் இணங்குவதில்லை என்று ஆண்டுவாரியாகத் தொகுத்தால், வட்டியும் வதந்தியும் சண்டையும் இவ்வினையை விட்டு எப்போது விலகின, பொருளாதாரம் எப்போது அவ்விடத்தைப் பிடித்தது என்பது புலப்படும். பழைய இதழ்களின் எழுத்துணரி வடிவங்கள் பெருகிவரும் இந்நாளில் இது செய்யக்கூடிய வேலையே.

கௌதள்ளி போன்ற எல்லையூரில் வாழும் தமிழர் கன்னட அறிவிப்புப் பலகைகளில் ‘அபிவிருத்தி’யைப் படிக்கிறார், மாதேசுவரன் மலைத் திருத்தலத்துக்கென அமைந்த ஆணையத்தின் பெயரிலும் அச்சொல் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வரும் நாளிதழைக் கையில் எடுத்தால் அங்கு ‘வளர்ச்சி’. ஊராட்சி அளவில் கர்நாடகத்தில் பணியாற்றுபவர் ‘பஞ்சாயத்து அபிவிருத்தி அதிகாரி’. எல்லைக்கு அப்பால் ஒன்றிய அளவில் பணியாற்றுபவர் ‘வட்டார வளர்ச்சி அலுவலர்’. இருவரும் வெவ்வேறு பதவியினர். அதிகார எல்லையும் வேறு. மக்கள் பேச்சில் இருவருக்கும் முழுப்பெயர் வழங்குவதில்லை. ஆங்கில முதலெழுத்துகளே வழங்குகின்றன. ஒலிப்பில்லாப் பகரத்துக்கும் ஒலிப்புடைப் பகரத்துக்கும் தமிழ் எழுத்தில் வேறுபாடு இன்மையால், அம்முதலெழுத்துகளைத் தமிழில் எழுதும்போது இருவரும் ஒருவராகிவிடுகின்றனர்: பி.டி.ஓ.